சி டிரைவ், டி டிரைவ்: உங்கள் சான்றிதழ் எதில் இருக்கிறது?

"விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்று சர்வீஸ் கடையில் சொன்னதும், உள்ளே இருக்கும் மதிப்பெண் பட்டியல், பட்டா, வருமானச் சான்றிதழ் ஸ்கேன்கள் என்ன ஆகுமோ என்ற கவலை வரும். அவை எந்தப் பார்ட்டிஷனில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

பார்ட்டிஷன் என்றால்?

ஒரே மனையைப் பிரித்து இரண்டு வீடு கட்டுவது போலத்தான். டிஸ்க் ஒன்றே, எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை அதன் தொடக்கத்தில் இருக்கும். பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பகுதிகள்தான். இன்றைய ஜிபிடி முறையில், விண்டோஸில் 128 வரை பிரிக்கலாம். அன்று ஏ, பி எழுத்துகள் ஃப்ளாப்பிக்குப் போனதால், ஹார்ட் டிஸ்க் 'சி'யில் தொடங்குகிறது.

ஏன் பிரிக்க வேண்டும்?

விண்டோஸ் இருப்பது சி-யில். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே வழக்கமாக அங்கேதான். சி-யை ஃபார்மட் செய்தால் அத்தனையும் போய்விடும். டி-யில் இருப்பவை அப்படியே இருக்கும். அதனால் கடையில் "சி-யை மட்டும் ஃபார்மட் பண்ணுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

டி டிரைவ் இல்லையா?

1. முதலில் முக்கிய ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுங்கள்.
2. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள்.
3. சி-யை ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவு எம்பி-யில் கேட்கும்; 100 ஜிபி வேண்டுமானால் 102400.
4. காலியாகத் தெரியும் இடத்தை ரைட் கிளிக் செய்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' தேர்ந்தெடுங்கள். டி தயார்!

எழுத்துப் பெயர் இல்லாமல் தெரியும் சிறிய பகுதிகளைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கும், பழுதானால் மீட்பதற்கும் அவை தேவை. 'டெலிட் வால்யூம்' பக்கமே போக வேண்டாம்.

இதையும் மறக்காதீர்கள்

டி-யில் வைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஏன்னா சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்தான். லேப்டாப் கீழே விழுந்து டிஸ்க் பழுதானாலோ, லேப்டாப்பே திருடு போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். எனவே இன்னொரு நகல் வெளியே, பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ இருக்கட்டும். டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களை அங்கேயும் சேர்த்து வையுங்கள்.