கோழி வளர்க்கப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

நாலு பெட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம், கைப்பிடி கம்பு. கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கத் தொடங்க இவ்வளவு போதும்! ஆனால் அந்தப் பஞ்சாரத்துக்குள் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட உயிர் என்று தெரியுமா?

உலகத்தில் எத்தனை கோழி இருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்! 2,000 கோடிக்கும் மேல்! மனிதர் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டாகப் பங்கு போட்டாலும் மிச்சம் நிற்கும்!

உங்கள் கோழியின் கால் மஞ்சளா? கொஞ்சம் குனிந்து பாருங்கள். வீட்டுக்கோழிக்கு முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் இந்த மஞ்சள் அதனிடமிருந்து வந்ததில்லை! 2008இல் வெளியான மரபணு ஆய்வில் தெரிந்த சங்கதி இது. மஞ்சளைக் கொடுத்தது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. அது எங்கே இருக்கிறது? நம் தென்னிந்தியக் காடுகளில்! இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் மஞ்சள் கால் கோழி நடந்தாலும், அதன் காலில் நம் காட்டு நிறம் ஒட்டியிருக்கிறது!

கோழிக்கு நடுகல் வைத்த ஊர் தெரியுமா? இந்தளூர், விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம். சண்டையில் செத்த சேவலுக்குக் கல்லில் உருவம் செதுக்கி, எழுத்தும் வெட்டி வைத்திருக்கிறார்கள்! வயது? சுமார் 1,500 ஆண்டு! இந்தளூர்ச் சேவலுக்குப் பெயர்கூட உண்டு: பொற்கொற்றி! இன்னொன்று: சோழர் தலைநகர் உறையூருக்கே 'கோழி' என்றொரு பெயர் இருந்தது!

சரி, எந்தக் கோழி வாங்குவது? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சிறுவிடை. உடம்பு சிறிசு, தீனிச் செலவு குறைவு, அடையில் உட்கார்ந்தால் அசையாது! நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். வெள்ளை லெகார்ன்? 300! அப்படியானால் லெகார்னே வாங்கிவிடலாமே என்கிறீர்களா? பொறுங்கள். முட்டை, முட்டை என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்ததில் அதற்கு அடை உட்காரும் பழக்கமே அற்றுப்போய்விட்டது! முட்டை கிடைக்கும், குஞ்சு கிடைக்காது.

சேவல் இல்லாமல் முட்டை வருமா? தாராளமாக வரும்! அடைக்கு வைக்கும் முட்டைக்குத்தான் சேவல் வேண்டும். அதிலும் ஒரு விந்தை! ஒருமுறை இணைந்தால் பெட்டை அந்த விந்தணுவை உடம்புக்குள் சுமார் 2 வாரம் பத்திரமாக வைத்துக்கொள்ளும்! ஆகவே, புதுச் சேவல் வாங்கினால் மூன்று வாரம் கழித்து முட்டை சேருங்கள். அவசரப்பட்டால் பழைய சேவலின் குஞ்சு வந்து நிற்கும்!

ஒரு முட்டை உருவாக எவ்வளவு நேரம்? 24 முதல் 26 மணி நேரம்! அதில் ஓடு கட்ட மட்டும் சுமார் 20 மணி! நாளைவிட முட்டைக்கு நேரம் அதிகம் பிடிக்கிறதா, அதனால்தான் இன்று காலை 7 மணிக்கு இட்ட கோழி நாளை 8 மணிக்கு இடும், மறுநாள் இன்னும் தள்ளும், கடைசியில் ஒருநாள் விடுமுறை எடுத்துக்கொள்ளும்! ஒவ்வோர் ஓட்டிலும் சுமார் 2 கிராம் கால்சியம். கிளிஞ்சலை இடித்துத் தீனியில் கலந்து வையுங்கள். இல்லையென்றால் தோல்முட்டைதான்!

அந்த ஓடு அடைத்த சுவர் என்றா நினைத்தீர்கள்? ஏறத்தாழ 10,000 நுண்துளைகள்! குஞ்சு மூச்சு விடுவது அவற்றின் வழியேதான். கிருமி நுழையாதபடி மேலே மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு! அடைமுட்டையைத் தண்ணீரில் கழுவாதீர்கள் என்று பெரியவர்கள் கத்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

குஞ்சு வாங்கி வந்தாயிற்று. தாய் இல்லையா? முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்! குண்டு பல்பு போட்டு, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறையுங்கள். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளே சொல்லிவிடும்! பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் எல்லாம் சரி!

கோழிக்கு வியர்க்காது தெரியுமா? உடம்போ எப்போதும் 41 டிகிரி! நமக்கு அது கடும் காய்ச்சல்! சூட்டை வாயால் மூச்சிரைத்தும், கொண்டை, தாடி வழியாகவும் வெளியேற்றும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஒருவேளை தப்பினாலும் ஆபத்து. நிழலில், மண்சட்டியில் வையுங்கள்.

இனி பெரிய கண்டம்: வெள்ளைக்கழிச்சல்! நேற்றுவரை மேய்ந்த 20 கோழியும் ஒரே வாரத்தில் தலை தொங்கிப் போகும். கிராமத்தில் பெண்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன், அது அவர்களின் சேமிப்பு. இந்த நோய்க்கு இந்தியாவில் ராணிக்கெட் என்று பெயர். 1920களின் கடைசியில் இமயமலை ஊரான ராணிக்கெட்டில் கண்டதால் அந்தப் பெயர். நோய்க்கு ராணிக்கெட், தமிழ்நாட்டில் அதற்குத் தடுப்பு மருந்து செய்யும் ஊர் எது தெரியுமா? ராணிப்பேட்டை! 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது! என்ன பொருத்தம்! 7ஆம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரே ஒரு சொட்டு, 4ஆம் வாரம் மறுபடி, 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. வந்தபின் மருந்து இல்லை! பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இன்றே கேட்டு வையுங்கள்.

காசில்லாத புரதத் தீனி வேண்டுமா? பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தேங்காய் மட்டை, ஓலைச் செத்தை போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால்? பானை முழுக்கக் கரையான்! குஞ்சுகள் பாய்ந்து வருவதைக் காணக் கண் கோடி வேண்டும்!

சேவல் எதற்குக் கூவுகிறது? விடியலைப் பார்த்தா? இல்லை! ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் நாள் முழுக்க மங்கல் வெளிச்சத்திலேயே சேவல்களை வைத்தார்கள். விடியலே தெரியாத அறையிலும் நேரம் தப்பாமல் கூவின! உள்ளே கடிகாரம் ஓடுகிறது! அதுமட்டுமா? கூட்டத்தின் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி காத்திருக்கும்! கூவும்போது அதன் காதருகே 100 டெசிபலைத் தாண்டும் சத்தம்! செவிடாகாதா? வாயைப் பிளந்ததும் காதுத்துளை தானாகவே மூடிக்கொள்ளும்!

குஞ்சுக்குக் கணக்கு வருமா? வரும்! இத்தாலியில் ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளின் முன்னால் சின்ன உருண்டைகளை இரண்டு திரைகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மறைத்தார்கள். ஒன்றிரண்டை இடமும் மாற்றினார்கள். எந்தத் திரைக்குப் பின்னால் அதிகமோ, அங்கேயே போய் நின்றன! கூட்டலும் கழித்தலும்!

சரி, அடை வைத்தாயிற்று. 10, 12 முட்டை போதும். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல ரத்த நாளம் தெரிந்தால் குஞ்சு, வெறுமையாக இருந்தால் கூமுட்டை. கோழி தீனிக்கென்று அநேகமாக நாளுக்கு ஒருமுறைதான் எழும்! 20ஆம் நாள் காதை வைத்துக் கேளுங்கள். ஓட்டுக்குள்ளிருந்து கீச், கீச்! தாயும் அடித்தொண்டையில் பதில் சொல்லும்! இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் பேச்சு! அலகு நுனியில் முளைத்த ஒரு சின்னப் பல்லால் ஓட்டைக் குத்தி, 21ஆம் நாள் வெளியே வரும். சில நாளில் அந்தப் பல் உதிர்ந்துவிடும்!

உடனே குருணையை எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்களா? நில்லுங்கள்! வெளியே வருமுன்பே மிச்சமிருந்த மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. இரண்டு நாளைக்குத் தாங்கும்! தாய்க்கு முதலில் தண்ணீர் வையுங்கள்.