தீந்தைத் தெளிப்பும் 'கவனயீனமும்'

தொழிற்றல விபத்துகள் பற்றிய அறிக்கைகளிலே அடிக்கடி இடம்பெறும் சொல் ஒன்றுண்டு. 'கவனயீனம்' என்பதே அது. சொற்களை அவற்றின் சமூகப் பின்னணியில் வைத்து நோக்குதல் இலக்கிய ஆய்வாளராகிய நமது வழக்கம். இச்சொல்லையும் ஒரு தொழிற்கருவியை ஆதாரமாகக் கொண்டு அவ்வாறே நோக்குவோம்.

கப்பலின் புறவோடு, பாலங்களின் உருக்குச் சட்டகம், பெருங்கட்டடச் சுவர் முதலியவற்றுக்குத் தீந்தை பூச இன்று பெரிதும் பயன்படுவது வளியில்லாத் தெளிப்பான். பழைய தெளிப்பானில் அமுக்கப்பட்ட வளியே தீந்தையைச் சிதறடித்தது. இதிலோ பம்பியானது தீந்தையையே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3000 இறாத்தல் அமுக்கத்துக்கு உட்படுத்தி, 0.015 முதல் 0.021 அங்குலம் வரையிலான நுண்துளையினூடாக வெளியே தள்ளுகிறது. மோட்டார்க் காரின் ரயரில் உள்ள அமுக்கம் 30 இறாத்தல் அளவினதே என்பது ஒப்புநோக்கற்பாலது. மனிதத் தோலைத் துளைப்பதற்கு 100 இறாத்தலே போதுமானது.

துளைத்த இடத்தில் ஊசி குத்தியது போன்றதொரு புள்ளி மாத்திரமே தெரியும். குருதி பெருகாது; தொடக்கத்தில் நோவும் அதிகமிராது. ஆயின், உள்ளே சென்ற தீந்தை தசைநாண்களின் உறைவழியே உள்ளங்கை வரையும், சிலவேளை முன்கை வரையும் பரவிவிடுகிறது. அமுக்கத்தால் குருதியோட்டம் தடைப்படக் கரைப்பான் இழையங்களை அழிக்கத் தொடங்குகிறது. இத்தகைய காயம் மருத்துவ ஏட்டில் முதன்முதலாகப் பதிவானது 1937இல்; டீசல் இயந்திர எரிபொருளே அன்று காரணமாயிருந்தது. 2006இல் வெளியான மதிப்பாய்வொன்று, கையிலேற்பட்ட 435 உயரமுக்கக் காயங்களைத் தொகுத்து நோக்கி, அவற்றுள் ஏறத்தாழ 30 சதவீதம் உறுப்பை அகற்றுவதில் முடிந்தன என்று காட்டியது.

பெரும்பாலும் காயமுறுவது இடக்கைச் சுட்டுவிரல். இது தற்செயலன்று. தீந்தைக் கட்டியொன்று முனைத்துளையை அடைத்துவிடுகிறது. வலக்கை விசையிலிருக்க, இடக்கை விரலால் முனையைத் துடைக்க முற்படுகிறார் தொழிலாளி. செய்ய வேண்டியது வேறு. விசையைப் பூட்டி, பம்பியை நிறுத்தி, வடிவால்வைத் திறந்து, புவித்தொடுப்புடைய உலோக வாளியினுள் விசையை அழுத்தி எஞ்சிய அமுக்கத்தை வெளியேற்றி, மீண்டும் பூட்டிய பின்னரே முனையைத் தொடலாம். முனைக்காப்பைக் கழற்றி வைத்து வேலை செய்தலாகாது. குழாயில் ஒழுக்கு உண்டா என்று கையால் தடவிப் பார்த்தலும் ஆகாது; சாதாரணக் கையுறை இவ்வமுக்கத்தைத் தாங்காது.

இவ்வொழுங்கு சில நிமிடங்களை வேண்டுவது. முனையோ ஒரு நாளிற் பலமுறை அடைபடும். பூசிய பரப்பளவுக்கேற்பக் கூலி பெறுபவர் அந்நிமிடங்களைத் தமது கூலியிலிருந்தே கொடுக்க வேண்டியவராகிறார். வேலையை விரைவுபடுத்தவே வந்த கருவி, தன்னைப் பாதுகாப்பாகக் கையாளும் நேரத்தையும் அவருக்கு மறுக்கிறது. தீந்தையை முன்கூட்டியே நன்கு வடித்தலும், புரட்டித் துப்புரவாக்கக்கூடிய முனைகளை வாங்கித் தருதலும் அடைப்பினால் வரும் தொல்லையைக் குறைக்கும். இவை முதலாளி செய்ய வேண்டியவை. அறிக்கையோ விரலின் கவனயீனத்தை மட்டுமே எழுதுகிறது.

வீட்டுக்குத் தீந்தை பூசும் தொழிலாளராயிருந்த றொபேட் ட்றெசல் எழுதி, அவர் இறந்தபின் 1914இல் வெளிவந்த ஆங்கில நாவல், அவசரமாகப் பூசி முடிக்க நெருக்கும் மேற்பார்வையைச் சித்திரிக்கிறது. தூரிகைக் காலத்து நெருக்குதல் அது. இன்று அதனோடு அமுக்கமும் சேர்ந்துள்ளது.

மெதுவாக வரும் கேடுகளும் உள. ஐசோசயனேற்று அடங்கிய இருகூட்டுத் தீந்தைகளின் நுண்துளிகள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லன. வளி வழங்கும் முகமூடியின்றி அவற்றைத் தெளித்தலாகாது. தீந்தை பூசும் தொழிலையே புற்றுநோய் விளைவிப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1989இல் வகைப்படுத்தியது.

காயமுற்றவர் ஊசிப்புள்ளிதானே என்று கையைக் கழுவிவிட்டு வேலைக்குத் திரும்புவதுண்டு. வைத்தியசாலையிலும் சிறு காயமென மருந்திட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவதுண்டு. சில மணித்தியாலங்களுள் சத்திரசிகிச்சை செய்து உள்ளிருக்கும் தீந்தையை அகற்ற வேண்டும். எனவே, கருவியின் அமுக்கமும் தீந்தையின், கரைப்பானின் பெயரும் எழுதிய அட்டையொன்றைத் தொழிலாளி சட்டைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். மருத்துவரிடம் முதலிற் கொடுக்க வேண்டியது அதுவே.