மலிவான 911 வாங்கினால் எவ்வளவு செலவாகும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரு வசனம்: "மலிவான போர்ஷேயைவிடச் செலவு வைக்கிற கார் வேறில்லை." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது ஏன் உண்மை, எந்த அளவுக்கு உண்மை என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. 996 என்ற ஒரே மாடலை எடுத்துக்கொண்டு பார்த்துவிடுவோம்.

1997-ல் அறிமுகமான 996தான் தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினோடு வந்த முதல் 911. செலவைக் குறைக்க, முன்பக்க பாகங்கள் பலவற்றை விலை குறைந்த பாக்ஸ்டரோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹெட்லைட் பொரித்த முட்டை மாதிரி இருக்கு என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் புதிதாகச் சுமார் 65,000 டாலருக்கு விற்ற கார், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 20,000 சொச்சத்துக்கு வந்து நின்றது. 911 வகையிலேயே இதுதான் மலிவு. சமீப வருஷங்களில் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

இந்த வீழ்ச்சிக்கு ஹெட்லைட் மட்டும் காரணமில்லை. ஐ.எம்.எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைச் சங்கிலி வழியாக கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் இடைத்தண்டு ஒன்று எஞ்சினுக்குள் ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது, உள்ளே கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங். வருஷம் போகப் போக அதன் சீல் தேய்ந்து, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து, கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே போன ஆயிலும் போதுமான அளவு சுழன்று வருவதில்லை. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், கேம் டைமிங் தப்பும், வால்வு பிஸ்டனில் மோதும். அவ்வளவுதான், எஞ்சின் போச்சு. மாற்று எஞ்சினுக்கு ஆகும் செலவு பல சமயம் காரின் விலையையே தொட்டுவிடும்.

எத்தனை கார்களில் இப்படி ஆனது? ஆரம்ப வருஷங்களில் போட்ட இரட்டை வரிசை பேரிங்குக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, பிறகு வந்த ஒற்றை வரிசைக்கு எட்டிலிருந்து பத்து என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது பெரும்பாலான கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது வேறு எஞ்சின். அவற்றுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

அப்படியானால் எல்லா 996-உம் ஏன் மலிவாயின? இதற்கு விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரை, பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்த்து, சராசரி விலைதான் தருவேன் என்கிறார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். சந்தையில் மோசமான கார்களின் பங்கு ஏறிக்கொண்டே போகும். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தச் சிந்தனைதான் அடிப்படை.

இதில் இன்னொரு சுழலும் சேர்ந்துகொள்கிறது. காரின் விலை விழுகிறது, உதிரி பாகத்தின் விலை விழுவதில்லை. 65,000 டாலர் காருக்கு வடிவமைத்த சஸ்பென்ஷன், கார் 20,000-க்கு வந்த பிறகும் பழைய கணக்கில்தான் விற்கும். மூன்றாவது, நான்காவது கை உரிமையாளர் "இந்த விலைக் காருக்கு இவ்வளவு செலவா?" என்று பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறார். அந்தக் கடன் அடுத்து வாங்குபவர் தலையில் விழுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர், பல வருஷச் சேமிப்பை வைத்து இந்தக் காரை வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குப் போட்டுக் காட்டிய உதாரணக் கணக்கு இது. ரசீது எதுவும் இல்லாத கார் 22,000 டாலர். எல்லா வேலையும் முடித்து ரசீதோடு வரும் கார் 28,000. முதல் காருக்கு கிளட்ச்சும் பேரிங்கும் மாற்ற 3,500, வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் 1,200, டயர் 1,200, சஸ்பென்ஷன் 2,500. மொத்தம் 8,400. ஆக, "மலிவான" கார் 30,400-க்கு வந்து நிற்கிறது. இத்தனைக்கும் எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்பது இன்னும் தெரியாது!

கிளட்ச்சையும் பேரிங்கையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பேரிங்கை எட்ட கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். அதற்கான கூலிதான் பெரிய செலவு. எப்படியும் கிளட்ச் மாற்றும் நாளில் பேரிங்கையும் மாற்றிவிட்டால் அந்தக் கூலி ஒரு தடவையோடு போகும்.

வாங்கும் முன் நான் பார்க்கச் சொல்வது:

1. ரசீதுகள். வாய்ச்சொல் கணக்கில் வராது.
2. இந்த மாடலில் பழகிய, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கின் பரிசோதனை. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உலோகத் துகள் இருக்கிறதா என்று தெரியும்.
3. எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் ஓவர்-ரெவ் விவரம்.
4. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதி. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.
5. முன் பம்பருக்குள் ரேடியேட்டர் அருகே சேர்ந்த இலை, குப்பை.

குறைவாக ஓடிய கார்தான் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வருஷக்கணக்கில் நின்ற காரில் சீல்கள் காய்ந்துவிடும், ஆயில் கெட்டுவிடும். ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பார்த்த கார்தான் நம்பத் தகுந்தது.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது: இந்த மாதிரிக் காருக்கு விலைச்சரிவு இனிப் பெரிய செலவில்லை, அதை முதல் உரிமையாளரே கட்டிவிட்டார். மிச்சமிருப்பது பராமரிப்பும் ஒரு பெரிய செலவு வரக்கூடும் என்ற அபாயமும்தான். அதனால் கையில் 28,000 இருந்தால் 28,000-க்குக் கார் தேடக் கூடாது. நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல 911 கிடைக்காவிட்டால், நல்ல பாக்ஸ்டர் கிடைக்கலாம். அதிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான், இதே பேரிங்தான். ஆனால் மீதிப் பணம் பையில் இருக்கும்.