உங்களுக்குத் தெரியுமா? பத்து நிமிடச் சோதனை

லேப்டாப் விமர்சனங்களில் அடிக்கடி வரும் சினிபெஞ்ச் மதிப்பெண், ஜெர்மனியின் மாக்சன் நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருளின் கணக்கு. ஒரு முப்பரிமாணக் காட்சியைப் பிராசஸர் எவ்வளவு வேகமாக வரைகிறது என்பதே அளவுகோல். சின்னச் சின்னச் சதுரங்களாகப் படம் திரையில் நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2020-இல் வந்த ஆர்23 பதிப்பு, ஒருமுறை வரைந்ததோடு விடுவதில்லை. 10 நிமிடம் திரும்பத் திரும்ப வரையச் சொல்கிறது. காரணம், சூடு. மெல்லிய லேப்டாப்கள் தொடக்கத்தில் பாய்ந்துவிட்டு, சூடேறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே பிராசஸர் உள்ள இரண்டு லேப்டாப்கள்கூட இங்கே வெவ்வேறு மதிப்பெண் வாங்குவது இதனால்தான். ஆர்23 கிராபிக்ஸ் கார்டைச் சோதிப்பதே இல்லை. கேம் ஆட வாங்குகிறீர்களா? நீங்கள் ஆடும் கேமில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் கிடைக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.