நம் மலையின் ஒளியில் 'மூன்றாம் பிறை'

உதகை என்றாலே காதல் பாடலுக்கேற்ற இடம் என்றுதான் திரையுலகம் பலகாலம் எண்ணியது. 1982-ல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' நம் மலையை மக்கள் வாழும் ஊராகக் காட்டியது. நினைவிழந்து குழந்தைபோலாகிவிட்ட பெண்ணையும் அவளைக் காக்கும் பள்ளி ஆசிரியரையும் பற்றிய கதை அது.

எழுதி இயக்கிய பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் செய்தார். கண்கூசும் விளக்குகளைவிட இயற்கை வெளிச்சத்தையே அவர் நம்பினார். கேத்தி ரயில் நிலையத்தில், மழையில் எடுத்த பிரிவுக்காட்சியை யார்தான் மறப்பர்? ஒளிப்பதிவுக்கும் கமல்ஹாசனின் நடிப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாகப் பயின்ற பாலாவும் வெற்றிமாறனும் பின்னாளில் எளிய மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தனர்.

பிக்கட்டியில் பனி மூடினால் நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த மங்கிய ஒளியிலும் அழகு உண்டெனக் காட்டியதே இப்படத்தின் கொடை. நம் ஊரை நாமும் அவ்வாறே காண்போமாக!