சிவப்பு மணி விழுந்தது யார் குற்றம்? தொழிற்சாலைகளில் நடக்கும் விநோதப் பயிற்சி

"எவன்டா இதைச் செஞ்சது?"

தொழிற்சாலையோ, ஆபீசோ, கடையோ... ஒரு காரியம் கெட்டுப் போனால் முதலில் கேட்கும் குரல் இதுதான்.

உடனே ஒரு ஆள் அகப்படுவான். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவன். இல்லாவிட்டால் அன்றைக்கு லீவில் இருப்பவன்! அவனுக்குத் திட்டு விழும். மெமோ பறக்கும். அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பார்கள். விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

அடுத்த வாரம் அதே கோளாறு மறுபடி வரும். இந்த முறை வேறு ஆள் அகப்படுவான்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் வம்பை நிறுத்துவதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. சில கம்பெனிகளில் "பிராப்ளம் சால்விங்" என்பார்கள். சில இடங்களில் "கைசன்" என்று ஜப்பான் பெயர் சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கையெழுத்துப் போடத் தெரிந்த யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் கசப்பான மருந்து. கசப்பு யாருக்கு என்பதுதான் வேடிக்கை!

மணி அள்ளும் விளையாட்டு

எட்வர்ட்ஸ் டெமிங் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். புள்ளிவிவர நிபுணர். 1900-ல் பிறந்து 1993-ல் மறைந்தார். அவர் நடத்திய பயிற்சி வகுப்புகளில் ஒரு விளையாட்டு ரொம்பப் பிரசித்தம்.

ஒரு பெட்டி நிறைய மணிகள். நூற்றுக்கு 80 வெள்ளை. 20 சிவப்பு. வெள்ளை மணி நல்ல சரக்கு. சிவப்பு மணி கழிவு.

வகுப்புக்கு வந்தவர்களில் 6 பேரைத் "தொழிலாளிகள்" என்று அழைத்து நிறுத்துவார். டெமிங்தான் போர்மேன். 50 குழிகள் உள்ள ஒரு பலகையைக் கையில் கொடுப்பார். அதைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஒரு முழுக்கு, 50 மணி. பொறுக்கக் கூடாது. குலுக்கக் கூடாது. "நான் சொன்னபடிதான் செய்யணும்" என்பார்.

முதல் ஆளுக்கு 6 சிவப்பு மணி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்மேன் முதுகில் தட்டிக்கொடுப்பார். அடுத்த ஆளுக்கு 14. அவ்வளவுதான், சத்தம் போடுவார். "கவனமா வேலை செய்யத் தெரியாதா?" என்பார்.

மறுநாள் கணக்கில், முதுகில் தட்டு வாங்கியவனுக்கு 12 வரும். திட்டு வாங்கியவனுக்கு 8 வரும். "பார்த்தீங்களா, திட்டினதும் திருந்திட்டான்!" என்பார் போர்மேன்.

வகுப்பில் சிரிப்பு கிளம்பும்.

கடைசியில் மோசமாக அள்ளிய மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நன்றாக அள்ளிய மூன்று பேரை வைத்தே ஆலையை ஓட்டிப் பார்ப்பார். அப்போதும் சிவப்பு மணி குறையாது. எப்படிக் குறையும்? 50 அள்ளினால் சராசரியாக 10 சிவப்பு வரத்தான் செய்யும். பெட்டியில் சிவப்பைக் கொட்டியது தொழிலாளியா? இல்லையே! சரக்கு வாங்கியவர் மேலே உட்கார்ந்திருக்கிறார்.

சிரித்தவர்களில் பலர் அந்த இடத்தில் மௌனமாகி விடுவார்களாம். மௌனமாகத்தான் வேண்டும். அவர்கள் எல்லோரும் மேனேஜர்கள்!

தொழிலில் வரும் தொல்லைகளில் நூற்றுக்கு 94 பங்கு ஏற்பாட்டின் கோளாறு என்பது டெமிங் தன் அனுபவத்தில் போட்ட மதிப்பு. ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. அப்படியானால் பொறுப்பும் அங்கேதான்.

ஐந்து தரம் 'ஏன்?'

சரி, ஆளைப் பிடிக்காமல் கோளாறை எப்படிப் பிடிப்பது?

டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற என்ஜினியர் ஒரு வழி வைத்திருந்தார். ஐந்து தரம் "ஏன்?" என்று கேள் என்பதுதான் அது. அவர் சொன்ன உதாரணத்தை நம் ஊர் பட்டறைப் பேச்சில் போட்டால் இப்படி வரும்:

"மெஷின் ஏன் நின்னுச்சு?" "பியூஸ் போயிடுச்சு சார். லோடு தாங்கல."

"லோடு ஏன் ஏறுச்சு?" "பேரிங்குக்கு எண்ணெய் சரியாப் போகல."

"ஏன் போகல?" "பம்பு எண்ணெயை இழுக்கல."

"ஏன் இழுக்கல?" "பம்பு ஷாப்ட் தேய்ஞ்சு கிடக்கு."

"ஏன் தேய்ஞ்சுது?" "வடிகட்டி இல்லை சார். இரும்புத் தூள் உள்ளே போயிடுச்சு."

பியூஸ் கம்பியை மாற்றியதோடு விட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி போயிருக்கும். ஒரு வடிகட்டி வைத்தால் விவகாரம் தீர்ந்தது.

இது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். முதல் "ஏன்"-க்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். மூன்றாவது "ஏன்" வரும்போது, "சார், எனக்கு டூட்டி முடிஞ்சிடுச்சு" என்பார்கள்!

மளிகைக் கடைக்கு வாங்க

தொழிற்சாலை சமாசாரம் நமக்கு எதற்கு என்று கடைக்காரர்கள் நினைக்க வேண்டாம். ஒரு மளிகைக் கடையை வைத்தே பார்ப்போம். கற்பனைக் கடைதான். போனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிற கடை.

"கடலைப் பருப்பு கேட்டா துவரம் பருப்பு வந்திருக்கு" என்று புகார். தினமும் புகார். சைக்கிளில் கொண்டு போய்க் கொடுக்கும் பையனை முதலாளி காய்ச்சி எடுக்கிறார். பையன் ஒரு நாள் நின்று விடுகிறான். புதுப் பையன் வருகிறான். புகாரும் வருகிறது.

பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது: வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் எண்ணு!

ஒரு அட்டையை மாட்ட வேண்டும். புகார் வந்தால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒரு கோடு. பால்காரர் கணக்கு மாதிரிதான். என்ன சரக்கு, எந்த நேரத்து ஆர்டர் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். வாரக் கடைசியில் 40 கோடு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 26 பருப்பு. மீதி எண்ணெய், சோப்பு, இன்னும் நாலைந்து சில்லறை விஷயம். அந்த 26-ல் 20 சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணிக்குள் வந்த ஆர்டர்!

இப்போது பாதி துப்புத் துலங்கிவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பருப்பை மட்டும் பிடித்தால் போதும். பெரும்பகுதித் தொல்லை ஒன்றிரண்டு காரணங்களில்தான் ஒளிந்திருக்கும் என்பது இந்தப் பயிற்சியில் முக்கியமான பாடம். இதற்கு "பரேட்டோ படம்" என்று பெயர்.

இனி "ஏன்" கேட்கலாம்.

பருப்பு ஏன் மாறியது? பொட்டலம் போடுகிறவர் சீட்டில் "க.ப." என்று இருந்ததை "து.ப." என்று படித்துவிட்டார். ஏன்? கோழிக் கிறுக்கல். ஏன் கிறுக்கல்? ஒரு கையால் பில் போட்டுக்கொண்டே, தோளில் போனை இடுக்கிக்கொண்டு எழுதியது. ஏன் அப்படி? கல்லாவில் அந்த நேரத்துக்கு ஒரே ஆள். ஏன் ஒரே ஆள்?

முதலாளி இரண்டாவது ஆளை 6 மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சம்பளம் மிச்சம் பிடிக்க!

பாருங்கள்... சைக்கிள் பையனை நோக்கி நீண்ட விரல், ஐந்து கேள்வியில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் போய் நிற்கிறது. கசப்பு யாருக்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

நல்ல முதலாளியாக இருந்தால் என்ன செய்வார்? சரக்குப் பெயர்களை அச்சடித்த சீட்டு வைப்பார். டிக் அடித்தால் போதும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் கோடு போட்டு எண்ணுவார். குறைந்திருந்தால் அதுவே இனி கடையின் முறை. குறையாவிட்டால் சீட்டு தீர்வல்ல, ஆள்தான் வேண்டும். யோசனை, முயற்சி, சோதனை, பிறகு நிரந்தரம். இந்த வரிசை தப்பக் கூடாது. "புது ரூல் போட்டாச்சு" என்று போர்டு எழுதி மாட்டுவதோடு நின்றுவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அது வேலை செய்ததா என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மீன் முள்

பெரிய ஆலையில் காரணம் ஒன்றல்ல, முப்பது இருக்கும். அதற்கு ஒரு படம் போடுவார்கள். நடுவில் நீளமாக ஒரு கோடு. தலைப் பக்கம் கோளாறு. இரண்டு பக்கமும் முட்கள். ஆள், மெஷின், சரக்கு, வேலை முறை என்று ஒவ்வொரு முள்ளிலும் காரணங்களைத் தொங்க விட வேண்டும். பார்த்தால் மீன் சாப்பிட்டு மிச்சம் வைத்த முள் மாதிரி இருக்கும். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா கொடுத்த படம் இது.

ஜப்பானில் 1962-ல் "தர வட்டங்கள்" தொடங்கின. ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள கோளாறைத் தாங்களே ஆராய்வதுதான் தர வட்டம். இந்தியாவில் 1980-களின் தொடக்கத்தில் ஐதராபாத் ராமச்சந்திரபுரம் பெல் தொழிற்சாலையில் இது வேர் பிடித்தது. 1982-ல் இதற்கென்றே அகில இந்திய அமைப்பும் உருவானது.

நம்மிடம் முதலில் வந்த பாடம்!

இங்கே ஒரு ருசிகரமான விஷயம்.

டெமிங் இந்த வித்தையின் அடிப்படையை ஷூவர்ட் என்பவரிடம் கற்றார். பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர்தான் 1924-ல் தரக்கட்டுப்பாட்டுப் படத்தை முதலில் வரைந்து காட்டியவர். அந்த ஷூவர்ட், மகலநோபிஸ் அழைப்பில் 1947-48-ல் நம் நாட்டுக்கு வந்து சுமார் மூன்று மாதம் தங்கினார். கல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஏற்பாடு அது.

டெமிங் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு அந்தப் பெயர்பெற்ற வகுப்பை எடுத்தது 1950-ல்தான்! நமக்குப் பிறகு!

குருவே நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். சீடன் அடுத்த தெருவுக்குப் போனார். அடுத்த தெருக்காரன் டி.வி., கார், கேமரா என்று உலகத்துக்கே விற்றான். அவன் 1951-ல் சீடனின் பெயரில் "டெமிங் பரிசு" என்றே ஒன்று வைத்தான்.

அந்தப் பரிசு இந்தியாவுக்கு முதல் தடவையாக வந்தது 1998-ல். வந்த இடம் சென்னை பாடி!

அம்பத்தூர் பக்கம் பஸ்சில் போகிறவர்களுக்கு லூகாஸ் ஸ்டாப் தெரியும். அந்த வட்டாரத்தில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு முதல் பரிசைத் தட்டியது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ். இடையில் 2002-ல் ஓசூர் டி.வி.எஸ். மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங். லாரி பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யும் நம் ஊர் ஆட்கள், ஜப்பான்காரன் வைத்த பரீட்சையில் பாஸ் செய்தார்கள். கை நம் கைதான். மூளையும் நம் மூளைதான். ஷூவர்ட் வந்து போனதற்கும் அந்தப் பரிசுக்கும் நடுவே 50 வருஷம் போனது ஏன் என்று ஐந்து தரம் கேட்டுப் பார்க்கலாம்.

டீயும் பன்னும்

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. பல கம்பெனிகளில் பயிற்சி என்றால் ஏ.சி. ஹாலில் ஒரு நாள் வகுப்பு. கலர் படம் காட்டுவார்கள். டீயும் பன்னும் கொடுப்பார்கள். போட்டோ எடுத்து சர்டிபிகேட் தருவார்கள். சுவரில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று பேனர் தொங்கும். மறுநாள் காலை ஷிப்டில் பழைய குரல்: "எவன்டா இதைச் செஞ்சது?"

இந்த மாதிரி வாசகம் எழுதி மாட்டுவதே டெமிங்குக்குப் பிடிக்காது. சுவரைப் பார்த்துச் சரக்கு திருந்தாது என்பது அவர் கட்சி. வேலை செய்கிறவன் மனசில் இருக்கும் பயத்தை முதலில் விரட்டுங்கள் என்றார்.

தொழிலாளியின் பயம் என்ன? திட்டு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் செய்கிற வேலையை மூன்று பேர் செய்யலாம் என்று அவனே யோசனை சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டு பேர் யார்? அவன் பக்கத்து ஆள். அல்லது அவனே!

இது வெறும் சந்தேகம் அல்ல. டொயோட்டாவிலேயே 1950-ல் பெரிய தகராறு நடந்தது. சுமார் 2 ஆயிரம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கம்பெனியை உருவாக்கிய கீச்சிரோ டொயோடா அதற்குப் பொறுப்பேற்றுத் தன் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். தொழிலாளிகளிடம் யோசனை கேட்கும் திட்டம் அங்கே தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம், 1951-ல். அதன் பிறகு அங்கே நிர்வாகமும் சங்கமும் ஒன்றையொன்று நம்பப் பல வருஷம் பிடித்தது.

ஆகவே, நாளைக்கு உங்கள் கம்பெனியில் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினால் தாராளமாகப் போங்கள். மீன் முள் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். "எதாவது சந்தேகம் உண்டா?" என்று வகுப்பின் முடிவில் கேட்பார்கள். அப்போது கையைத் தூக்கி, "சார், மிச்சமாகிற ரெண்டு பேருக்கு என்ன வேலை கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். வகுப்பு எடுக்கிறவருக்கு அந்தப் பதில் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர்தான் சொல்ல வேண்டும்.