மார்ச் 30-ல் வரும் பணம்

மார்ச் 31 நெருங்குகிறது. திருப்பூரின் காஜா பட்டன், அயர்னிங், பிரிண்டிங் யூனிட்காரர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம்: 45 நாளில் பணம் தராத பார்ட்டிக்கு அபராதம் உண்டா?

அபராதம் கிடையாது. வருமான வரிச் சட்டத்தில் 2023 பட்ஜெட் 43பி(எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதி, வாங்கியவரின் வரிக்கணக்கில் கை வைக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அதை அவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. அந்தத் தொகைக்கும் வரி கட்டியாக வேண்டும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சக் கெடு 45 நாள்; வாய்ப்பேச்சு என்றால் 15 நாள்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால், ஏப்ரலில் முடித்த வேலைக்கு மார்ச் 30-ல் பணம் கொடுப்பவருக்கு வரியில் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. உரிய காலத்தில் பணம் கிடைக்கும் என்று அரசு சொன்னது. இந்த விதி கேள்வி கேட்பது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள். பட்டறையிலோ சனிக்கிழமைதோறும் சம்பளம் போட வேண்டும். நூலுக்கும் கரண்டுக்கும் பணம் வேண்டும். அதற்குக் கந்துவட்டிக்காரரிடம் போகிறவர்கள் உண்டு. காலாண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பாக்கி கணக்கில் வர வேண்டும்.

தாமதத்துக்கு வட்டி கேட்க 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் (எம்எஸ்எம்இ) சட்டம் உரிமை தருகிறது: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

கடிதங்களில் வரும் மற்ற கேள்விகள்: எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வேண்டுமா? வேண்டும், கட்டணமில்லை.

வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு? உத்யம் எண் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

நடுத்தர நிறுவனங்களுக்கு? பொருந்தாது.

புகார் எங்கே? எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாக. 90 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம்.

உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்லும் பார்ட்டிக்கு இணங்காதீர்கள். வட்டி கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். சரக்கை ஒப்படைக்கும்போது டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடும்.